ஆறு பேர்ச் காணிக்கு எத்தனை சட்டம்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெள்ளவத்தைப் பள்ளிவாசல் படியிறங்கி வரும்போது ஓர் இளம் வியாபாரி என்னை நிறுத்தினார். புடைவை வியாபாரம் செய்பவர். அவருடைய வாப்பாவை எனக்கு நல்ல பழக்கம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் பழைய வீடொன்றைப் பார்த்திருக்கிறார். ஆறு பேர்ச் காணி. முன் அறையைக் கடையாக்கி, மேலே ஒரு மாடி எழுப்பி அதில் சாமான் வைக்க நினைப்பு. முற்பணமும் கொடுத்தாயிற்று.

"வங்கியில சி.ஓ.சி. கேக்குறாங்க நானா. வித்தவர் சோலைவரி பில்லக் காட்டுறார். அது காணாதா?" என்று கேட்டார்.

காணாது என்றேன். முகம் வாடிவிட்டது. வட்டியில்லா வங்கிக்குத்தான் போயிருக்கிறார். நமது மார்க்கத்துக்கு ஏற்ற வங்கியானாலும், வழமையான வங்கியானாலும், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் இணக்கச் சான்றிதழையும் பார்க்காமல் கட்டடத்தின் மேல் பணம் போட எவரும் விரும்புவதில்லை. அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அன்று வீட்டுக்குப் போய், அந்த ஆறு பேர்ச் காணிமேல் எத்தனை சட்டம் படுத்திருக்கிறது என்று ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

முதலில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். 1915 என்றதும் நமது சமூகத்துக்கு ஞாபகம் வருவது அந்த வருடத்துக் கலவரமும் எரிந்த கடைகளும்தான். அதே வருடத்தில் வந்த இந்தச் சட்டம் இன்றும் நம் கடைச் சுவர்களை அளந்துகொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. அதற்கு முந்திய ஆண்டுதான் கொழும்பில் பிளேக் நோய் பரவியிருந்தது. நெருக்கமான வீடுகள், காற்று, வெளிச்சம், ஒழுங்கைகளின் அகலம் ஆகியவையே அச்சட்டத்தின் கவலை. வரைபடம் சமர்ப்பித்து அனுமதி பெறாமல் கட்டக்கூடாது, கட்டி முடித்தபின் சான்றிதழ் இல்லாமல் குடிபுகக் கூடாது, வீதிக்கோட்டுக்குள் கட்டக்கூடாது என்ற விதிகளுக்கு ஊற்று இங்கேதான்.

அடுத்து 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தில் இதே பெயருள்ள புகழ்பெற்ற சட்டம் வந்தது 1947இல். ஒரு வருடம் நாம் முந்திக்கொண்டோம்! 2000ஆம் ஆண்டில் 49ஆம் இலக்கச் சட்டத்தால் அது திருத்தப்பட்டு, தேசிய பௌதீகத் திட்டமிடல் திணைக்களம் அதன் கீழ் வந்தது. 1947இன் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சோலைவரியையும் வியாபார அனுமதிகளையும் பார்த்துக்கொள்கிறது.

பிறகுதான் பெரிய சட்டம், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். கொழும்பு நகரம் முழுவதும் அதன் கீழ் அபிவிருத்திப் பிரதேசம். 1982இல் ஒரு திருத்தச் சட்டம் வந்து, 8ஆம் பிரிவுக்குப் பின்னால் 8ஏ, 8பி என்று ஆங்கில எழுத்துக்களைக் கோத்துப் புதிய பிரிவுகளைச் செருகியது. நமக்கு வேண்டிய அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் அந்த வரிசையில் 8ஜே என்ற மூலையில் இருக்கிறது. மூலச் சட்டத்தை மட்டும் வாங்கிப் படித்தவர் அதைக் காணவே மாட்டார்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், அச்சட்டத்தில் 'அபிவிருத்தி' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் அர்த்தம் நாம் நினைப்பதைவிட அகலமானது. கட்டடம் எழுப்புவது மட்டுமல்ல, காணியைத் துண்டாடுவதும் அபிவிருத்திதான். இருக்கும் கட்டடத்தின் பாவனையை மாற்றுவதும் அபிவிருத்திதான். ஒரு செங்கல் கூட வைக்காமல், வீட்டின் முன் அறையில் கண்ணாடிப் பெட்டி வைத்து வியாபாரம் தொடங்கினாலும் அனுமதி எடுக்க வேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இப்படித் தொடங்கிய எத்தனை கடைகள்! அவர்களில் பெரும்பாலானோர் சட்டத்தை மீறுகிறோம் என்று நினைத்துச் செய்தவர்கள் அல்லர். சோலைவரி மதிப்பீட்டில் 'கடை' என்று எழுதியாயிற்று, வரியும் கட்டுகிறோம், ஆகவே எல்லாம் சரி என்று நம்பியவர்கள். வரி அறவிடுவது வேறு, திட்டமிடல் அனுமதி வேறு. சபை வரி வாங்கியது என்பதற்காகக் கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது.

அந்த இளைஞரின் வீட்டுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் நின்று அளந்து பாருங்கள், அந்தத் துண்டின் பெரும் பகுதி அதற்குள் வந்துவிடும். கரையோரம் பேணல் திணைக்களத்தின் கருத்தையும் கேட்டாக வேண்டும். கால்வாய்ப் பக்கம் காணி வாங்கியவருக்கு 1968இன் 15ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான காணி மீட்டல், அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கடை வாங்குபவருக்கு 1973இன் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும், 1982லும் 2003லும் அதற்கு வந்த திருத்தங்களும். பேக்கரி அடுப்போ, அச்சுக்கூடமோ வைப்பவருக்கு 1980இன் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம்.

சட்டங்கள் இத்தனை என்றால் கந்தோர்களும் அத்தனை. மாநகர சபை நகர மண்டபத்தில். நகர அபிவிருத்தி அதிகார சபையும் சுற்றாடல் அதிகார சபையும் பத்தரமுல்லையில். கரையோரத் திணைக்களம் மாளிகாவத்தையில். காணிக் கூட்டுத்தாபனம் இராஜகிரியப் பக்கம். கடையைப் பூட்டிவிட்டுத்தான் இவற்றுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை திறந்திருந்தாலாவது பரவாயில்லை.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபை தனது அதிகாரங்களை உள்ளூராட்சி மன்றத்தின் உத்தியோகத்தர்களுக்கு ஒப்படைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே சிறிய கட்டடங்களுக்கு நாம் மாநகர சபையில் விண்ணப்பிக்கிறோம். ஆனால் அங்கே கையொப்பமிடுபவர் அதிகார சபையின் அதிகாரத்தில் கையொப்பமிடுகிறார். இணக்கச் சான்றிதழ் 1915 சட்டத்திலும் இருக்கிறது, அதிகார சபைச் சட்டத்திலும் இருக்கிறது. ஒரே மேசை, ஒரே உத்தியோகத்தர், தலையில் இரண்டு தொப்பி. மறுப்புக் கடிதம் வரும்போது எந்தத் தொப்பியோடு மறுத்தார் என்று தெரியாவிட்டால், மேன்முறையீட்டை எங்கே கொண்டுபோவது?

கொட்டாஞ்சேனையில் நான் கற்றது

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், எனக்கும் அடி விழுந்திருக்கிறது. மர்ஹூம் வாப்பா விட்டுப்போன கடை கொட்டாஞ்சேனையில். முகப்பு ஒடுங்கியது, உள்ளே நீளம், பழைய ஓட்டுக்கூரை. கொட்டாஞ்சேனைக் கடைகளைத் தெரிந்தவர்களுக்கு நான் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. இடித்துவிட்டு இரண்டு மாடியாகக் கட்டலாம் என்று சில வருடங்களுக்கு முன் தீர்மானித்தோம். உறுதி சுத்தமாக இருந்தது. நொத்தாரிசும் பார்த்தார். நில அளவையாளர் அளந்து எல்லை சரி என்றார்.

படத்தைக் கொடுத்த பிறகுதான் வீதிக்கோடு கடைக்குள்ளே ஏழு அடி வருகிறது என்று தெரிந்தது. என்றோ வீதியை அகலமாக்கும் எண்ணத்தில், யாரோ ஒரு வரைபடத்தில் இழுத்த கோடு. உறுதியிலே அது இல்லை. அளவைப் படத்திலும் இல்லை. பழைய கட்டடம் நின்றவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இடித்துத் திரும்பக் கட்டப் போகும்போதுதான் கோடு உயிர் பெறுகிறது. ஒடுங்கிய கடையில் முன்பக்கம் ஏழு அடி என்றால், கல்லாப்பெட்டியும் ஒரு வரிசை அலுமாரியும் போனது மாதிரி.

அதற்குப் பிறகு வாகனத் தரிப்பிடம். கடைக்கு இத்தனை சதுர மீற்றருக்கு இத்தனை வாகனம் என்று ஒரு கணக்கு. எங்கள் காணியில் கை வண்டிலை நிறுத்தவே இடமில்லை. இடம் கொடுக்க முடியாதவர் அதற்குப் பதிலாகக் கட்டணம் செலுத்தலாம் என்ற ஏற்பாடு ஒழுங்குவிதிகளில் இருப்பதை எனக்குச் சொன்னவர் உத்தியோகத்தர் அல்லர், எங்களைப் போல அலைந்துகொண்டிருந்த இன்னொரு வியாபாரி. ஒரு கந்தோரில் நான் மூன்று முறை போய் மூன்று விதமான பதில் வாங்கி வந்தேன். மூன்று பேரும் நல்ல மனிதர்கள்தான். அவர்கள் மேசையில் இருந்த மூலப்பிரதிகள்தான் வெவ்வேறு. ஒருவரிடம் பழைய ஒழுங்குவிதி, இன்னொருவரிடம் அதன் திருத்தம், மூன்றாமவர் ஒரு சுற்றறிக்கையை வைத்துப் பேசினார்.

பதினான்கு மாதம் வேறிடத்தில் வாடகைக்கு இருந்து வியாபாரம் செய்தோம். பழைய வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை.

ஏழு அடி போனதை நான் பொருந்திக்கொண்டேன். நகரத்துக்கு அகலமான வீதி வேண்டும், தீயணைப்பு வாகனம் உள்ளே வர வேண்டும், அதை மறுக்க முடியாது. வாங்கும்போதோ, இடிக்குமுன்போ அந்தக் கோட்டை ஒரே இடத்தில், எனக்கு விளங்கும் மொழியில் பார்க்க முடிந்திருந்தால் நான் வேறு கணக்குப் போட்டிருப்பேன் என்பதுதான் இன்றுவரை ஆறாத விஷயம். வியாபாரி கடுமையான விதியோடு வாழ்ந்துவிடுவான். இறக்குமதி வரியோடு வாழவில்லையா? எங்கே இருக்கிறது என்று தெரியாத விதியோடுதான் வாழ முடியாது. தெரியாத இடத்தில் தரகர் வந்து நிற்கிறார். "நான் பேசித் தாறேன் ஹாஜியார்" என்ற அந்த வார்த்தைக்கு நமது நகரத்தில் ஒரு விலை இருக்கிறது. சட்டம் சிதறிக் கிடக்கும்வரை அந்த விலை குறையாது.

ஒன்றாக்குவது என்றால் என்ன?

சட்டத்தை ஒன்றாக்குவது வேறு, மாற்றுவது வேறு. புதிய தடையோ புதிய சலுகையோ போடாமல், ஏற்கெனவே உள்ளவற்றைத் திருத்தங்களோடு சேர்த்து, வழக்கொழிந்ததை நீக்கி, முரண்பட்டதை ஒழுங்காக்கி ஒரே நூலாகத் தருவதுதான் ஒன்றாக்கல். நாட்டின் சட்டங்கள் எல்லாவற்றையும் 1956இல் திருத்திய பதிப்பாகத் தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறார்கள். நமக்குப் புதிய வேலை அல்ல.

திட்டமிடல் துறையிலேயே பாதி வேலை நடந்திருக்கிறது. 1986 மார்ச் 10ஆம் திகதிய வர்த்தமானியில் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் முப்பத்தைந்து வருடம் ஓட்டுப்போட்டு ஓட்டுப்போட்டு ஓடின. 2021 ஜூலை 8ஆம் திகதி, 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் புதிய பொது ஒழுங்குவிதிகள் வந்தன. பல திருத்தங்களைத் தேடித் திரிந்த இடத்தில் இப்போது ஒரு நூல் இருக்கிறது. நல்ல காரியம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது ஒழுங்குவிதிகளின் ஒன்றாக்கல் மட்டுமே. அதற்கு மேலே 1915, 1946, 1978 சட்டங்கள் தனித்தனியாக நிற்கின்றன. பக்கத்தில் கொழும்பு வர்த்தக நகரத்துக்கான 2019 முதல் 2030 வரையிலான அபிவிருத்தித் திட்டம் வலயங்களைச் சொல்கிறது. கரையோரமும் சுற்றாடலும் வேறு அமைச்சுக்களின் சட்டங்கள். கூரையைப் புதுப்பித்தார்கள், அத்திவாரம் மூன்று காலத்துக் கல்லில் நிற்கிறது.

இந்த வேலையைச் செய்யத் தொடங்கிய ஒரு சிறிய நாட்டைச் சொல்கிறேன். பிரித்தானியாவின் மேற்கிலுள்ள வேல்ஸ். சனத்தொகை முப்பது இலட்சத்துக்குச் சற்று மேல். அங்கும் இரண்டு மொழி, வெல்ஷும் ஆங்கிலமும். 1990இல் இலண்டன் பாராளுமன்றம் திட்டமிடல் சட்டத்தை ஒன்றாக்கியது. ஆனால் பிறகு வந்த திருத்தங்கள் அதையும் குப்பையாக்கிவிட்டன. 2018இல் சட்ட ஆணைக்குழு வேல்ஸின் திட்டமிடல் சட்டத்தை எளிமையாக்கி ஒரே கோவையாக ஆக்கும்படி விரிவான அறிக்கை கொடுத்தது. அதைவிட எனக்குப் பிடித்தது 2019இல் அவர்கள் நிறைவேற்றிய ஒரு சட்டம். வேல்ஸின் சட்டங்களை மக்கள் எளிதில் அணுகும்படி வைத்திருக்கும் பொறுப்பை அது அரசாங்கத்தின் தலையில் வைக்கிறது. அந்த வழியில் வந்த முதல் ஒன்றாக்கற் சட்டம் 2023இன் வரலாற்றுச் சுற்றாடல் சட்டம். வெல்ஷ் மூலத்துக்கும் ஆங்கில மூலத்துக்கும் அங்கே ஒரே பெறுமதி.

மொழி என்று வரும்போது நமது நிலைமையையும் பார்ப்போம். சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை சொல்கிறது. காகிதத்தில் வேல்ஸுக்கு நாம் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் 1915 சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பின்னால் வந்தவற்றின் தமிழோ, சட்டத்தரணிகளே ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் தமிழ். 'இணக்கச் சான்றிதழ்' என்றால் கொட்டாஞ்சேனையில் எவருக்கும் விளங்காது, 'சி.ஓ.சி.' என்றால்தான் விளங்கும். ஒன்றாக்கும்போது தமிழ்ப் பிரதியைக் கடைசியில் மொழிபெயர்த்து ஒட்டாமல், ஆரம்பத்திலிருந்தே கூடவே எழுத வேண்டும். கடைக்காரர் நான்கு பேருக்கு வாசித்துக் காட்டி விளங்குகிறதா என்று கேட்டாலே பாதிக் குறை தீரும்.

இதற்கு எதிரான வாதங்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே சட்டமாக்கினால் அதிகாரம் எல்லாம் ஒரே கையில் போய்ச் சேரும் என்ற பயம் நமது மக்களுக்கு இருக்கிறது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் அநியாயமானது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நூலை ஒன்றாக்குவதும் நாற்காலியை ஒன்றாக்குவதும் ஒன்றல்ல. யாருக்கு எந்த அதிகாரம், எத்தனை நாளில் பதில், எங்கே மேன்முறையீடு என்று ஒரே இடத்தில் எழுதிவைத்தால், அதிகாரத்துக்கும் அது கடிவாளமாகும்.

இரண்டாவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குழப்பம் நமக்கும் வசதியாக இருக்கிறது! அனுமதி இல்லாமல் பின்பக்கம் ஒரு ஸ்டோரை எழுப்பி, பிறகு 'கவரிங் அப்ரூவல்' எடுக்கலாம் என்று இருப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்த அப்ரூவலுக்குக் கட்டணம் உண்டு, கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை. கிடைக்காவிட்டால் விஷயம் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடிக்கும் கட்டளையில் போய் முடியலாம். அப்படிப்பட்ட கட்டடத்தை, சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டிவிடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொருளின் குறையை மறைத்து விற்பது நமது மார்க்கத்தில் எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். துணியில் கிழிசல் இருந்தால் காட்டி விற்கிறோம். சி.ஓ.சி. இல்லாத மாடியும் கிழிந்த துணிதான்.

சட்டம் ஒன்றாகும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. காணியோ கடையோ வாங்குபவர் முற்பணம் கொடுக்குமுன் மாநகர சபையிலிருந்து வீதிக்கோடு, கட்டட எல்லை பற்றிய சான்றிதழையும், அந்த ஆதனம் சபையின் பொறுப்புக்குப் போகவில்லை என்ற சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். விற்பவரிடம் அங்கீகரித்த வரைபடத்தின் மூலப்பிரதியையும் சி.ஓ.சி.யையும் கேளுங்கள். அதில் எழுதியிருக்கும் பாவனை 'வதிவிடம்' என்றால் அது கடையல்ல, எத்தனை வருடம் கடையாக நடந்திருந்தாலும். கட்டும் எண்ணம் இருந்தால் படம் வரையக் கொடுக்குமுன்பே பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எதைக் கட்டலாம், எதைக் கட்ட முடியாது, வேறு எந்தத் திணைக்களத்திடம் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். வாய்மூலப் பதிலோடு திரும்பி வராதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் வீதியின் கோட்டையும் அதற்குப் பொருந்தும் விதியையும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மண்டபம் எடுத்து, அமைச்சரை அழைத்து, பொன்னாடை போர்த்துவதற்குச் செலவாகும் பணத்தில் கால்வாசி போதும், இந்த ஒழுங்குவிதிகளில் சிறு கடைகளுக்குப் பொருந்தும் பக்கங்களை எளிய தமிழில் ஒரு கைநூலாக அச்சடிக்க. ஒரு சட்டத்தரணியும், ஒரு கட்டடக் கலைஞரும், அலைந்து அனுபவப்பட்ட இரண்டு வியாபாரிகளும் ஒரு மேசையில் இருந்தால் முடிகிற காரியம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதையே சட்டமாக்கித் தாருங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டால் கேள்விக்கும் ஒரு கனம் இருக்கும்.

அந்த இளைஞர் போன கிழமை திரும்பவும் வந்தார். வீட்டின் பின்பக்க அறைகள் இரண்டும் எந்தப் படத்திலும் இல்லையாம். கரையோரத் திணைக்களத்துக்கும் போய் விசாரித்திருக்கிறார். விற்பவரோடு இருந்து பேசி வாங்குவதைக் கைவிட்டிருக்கிறார்கள். முற்பணத்தில் பாதி கைக்கு வந்துவிட்டது. மீதியை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.